அடங்கி எரியும் நெருப்பு

தமிழ்நாட்டில் எந்த ஊர் வீடானாலும், அந்தியில் சாமி முன்னால் விளக்கு ஏற்றும்போது எங்கள் கரிசல் சீமை அங்கே வந்து நின்றுவிடும். உரசுகிற தீக்குச்சி சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துப் பெண்கள் பெட்டியில் அடைத்தது. சுவரில் தொங்கும் லட்சுமி சிவகாசி அச்சகத்திலிருந்து வந்தவள். அகலில் ஊற்றும் நல்லெண்ணெய் பல வீடுகளில் விருதுநகர் வியாபாரிகளுடையது. திரிக்குப் பருத்தி, எண்ணெய்க்கு எள், இரண்டுமே இந்தக் கறுப்பு மண்ணுக்குப் பழகிய பயிர்கள்.

இந்தச் சீமையின் நடுவில், சிவகாசியை ஒட்டி இருக்கிறது நாரணாபுரம். சுற்றிலும் பட்டாசு ஆலைகள். காலையில் ஆலை வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். ஆலைக்குள் ஒரு தீக்குச்சி கொண்டுபோகக் கூடாது, பீடிக்கும் இடமில்லை. பகல் முழுவதும் நெருப்புக்குப் பயந்து, நெருப்பில்லாமல் வேலை செய்த பெண் வீடு திரும்பியதும் செய்யும் முதல் காரியம் நெருப்பு ஏற்றுவது. விளக்கேற்றுவதன் பொருளை விளக்கும் எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கையில் அது என்னவாக இருக்கிறது என்று யாரும் பேசிக் கேட்டதில்லை.

தீப்பெட்டி வருமுன் நெருப்பு சுலபத்தில் கிடைக்கிற பொருளாக இல்லை. சக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பஞ்சில் பொறி பிடிக்க வேண்டும். அதற்குப் பயந்தே அடுப்புத் தணலைச் சாம்பல் போட்டு மூடி மறுநாளைக்கு வைத்திருப்பார்கள். அதுவும் அவிந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய் எருவாட்டித் துண்டிலோ தேங்காய் மட்டையிலோ நெருப்பு வாங்கி வர வேண்டும். அதையும் பொழுது சாயுமுன் வாங்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு, அதுவும் செவ்வாய், வெள்ளி என்றால், உப்பு, தயிர், நெருப்பு எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள்.

விளக்கு இருந்த இடம் மாடக்குழி. வாசல் பக்கத்துச் சுவரில் சின்னதாக ஒரு பிறை. அதன் மேல்விளிம்பில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த கரி. வெள்ளையடிக்கும்போதுகூட அந்தக் கரியை முழுக்கச் சுரண்ட மாட்டார்கள். பழைய வேட்டியைக் கிழித்துத் தொடையில் வைத்து உருட்டிய திரி. ஆமணக்கெண்ணெயோ, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயோ. எள்ளை ஆட்டும்போது கருப்பட்டியும் சேர்த்துப் போடுவார்கள், எண்ணெய் நன்றாகப் பிரிந்து வர. வீட்டுக்கு வந்த புது எண்ணெயில் முதல் கரண்டி விளக்குக்கு. அப்புறம்தான் தாளிக்க, தலைக்குத் தேய்க்க. சாமிக்குத் தனி எண்ணெய் என்று கடையில் ஒரு வகை அன்றைக்கு இல்லை.

கோயிலிலும் கணக்கு இதேதான், அளவுதான் பெரிது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால், அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அந்த நெய்யை அளப்பதற்கு ஆடு என்றால் 96, பசு என்றால் 48, எருமை என்றால் 16 என்று முதல் வைத்துக் கொடுத்தார்கள். இடையர்கள் அந்த மந்தையை ஏற்றுக்கொண்டு, சந்திர சூரியர் உள்ளவரை நெய் அளக்கக் கடமைப்பட்டார்கள். ஆடு செத்தாலும் குட்டி ஈடுசெய்யும், மந்தை குறையாது என்பது கணக்கு. ஒரு சுடருக்குப் பின்னால் 96 உயிர்; அவற்றை மேய்க்க ஒரு குடும்பம்; அந்தக் குடும்பத்துக்கு முடிவில்லாத ஒரு வாக்கு. எனக்கு அந்தக் கல்வெட்டுகள் எந்தத் தத்துவ நூலையும்விட விளக்கைப் பற்றி அதிகம் சொல்கின்றன. விளக்கு என்றால் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஏற்றுவது ஒரு நொடி, மற்றதெல்லாம் காவல்.

தத்துவமும் எங்கள் பக்கத்துக்குத் தூரமில்லை. நாரணாபுரம் போலவே சிவகாசியை ஒட்டியிருக்கிறது திருத்தங்கல், 108 திவ்யதேசங்களில் ஒன்று. அங்கே நின்ற திருக்கோலத்தில் இருக்கும் பெருமாளைப் பாடியவர்களில் பூதத்தாழ்வாரும் ஒருவர். அவர் கதை தமிழர்களுக்குத் தெரிந்ததுதான்: திருக்கோவலூரில் மழை இரவில் ஓர் இடைகழிக்குள் மூன்று ஆழ்வார்கள் ஒதுங்குகிறார்கள், நான்காவதாக யாரோ புகுந்து நெருக்குகிறார்கள், யாரென்று பார்க்க விளக்கில்லை. பொய்கையாழ்வார் பூமியை அகலாக்கி, கடலை நெய்யாக்கி, சூரியனைச் சுடராக்கி ஒரு விளக்கு ஏற்றினார். பூதத்தாழ்வார் அவ்வளவு தூரம் போகவில்லை. அன்பையே அகலாக, ஆர்வத்தையே நெய்யாக, உருகும் மனத்தையே திரியாக வைத்தார். அந்த விளக்கை அவர் ஏற்றியது நாரணனுக்கு. திருத்தங்கலைத் தண்கால் என்று சொல்லும் பாட்டும் அதே இரண்டாம் திருவந்தாதிக்குள்தான் இருக்கிறது.

சைவத்தில் விளக்குக்காகவே நாயன்மார் ஆனவர்கள் இருக்கிறார்கள். திருவொற்றியூர்க் கலிய நாயனார் செக்கார் குடியில் பிறந்தவர். சொத்தெல்லாம் கோயில் விளக்கிலேயே தீர்ந்து, கூலிக்குச் செக்காட்டி எரித்து, அதுவும் இல்லாமல் போனபோது எண்ணெய்க்குப் பதில் தன் கழுத்து ரத்தத்தையே ஊற்றத் துணிந்தார் என்கிறது பெரிய புராணம். திருவாரூரில் நமிநந்தியடிகளுக்கு நெய் மறுக்கப்பட்டபோது குளத்து நீரை முகந்து ஊற்றி எரித்தார் என்பார்கள். இவர்கள் இருவரும் என்ன ஞானம் பேசினார்கள் என்று பெரிதாகக் கதை இல்லை. விளக்கு அணையக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் பக்தி.

இப்போது திருவிளக்கு பூஜைகளில் சொல்லித் தருகிறார்கள்: குத்துவிளக்கின் அடிப்பாகம் பிரம்மா, தண்டு விஷ்ணு, மேலே சிவன், ஐந்து முகத்துக்கு ஐந்து பலன், கிழக்கு பார்த்தால் இது, வடக்கு பார்த்தால் அது. இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மனம் ஒரு பிடிமானம் தேடுகிறது. ஆனால் எங்கள் பக்கத்துப் பாட்டிகளிடம் இந்தப் பட்டியல் இருந்ததில்லை. "வெளக்கு வையி தாயி, பொழுது எறங்கிருச்சு" என்பார்கள். ஏன் என்று கேட்டால், "வீட்டுல ஆளு இருக்குன்னு தெரிய வேண்டாமா" என்பார்கள். யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டதில்லை. சாமிக்கும்தான், வழிப்போக்கனுக்கும்தான்.

1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். மழை பொய்த்தால் பிழைப்பில்லாத ஊர். திரும்பி வந்து 1923-இல் தொழிலைத் தொடங்கினார்கள். இந்தச் சீமையின் வறண்ட காற்று அந்தத் தொழிலுக்குத் தோதாக இருந்தது. குச்சி சீக்கிரம் காய்ந்தது. தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு. 1940-களில் பட்டாசுத் தொழில் வேர்விட்டது. லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. கோவில்பட்டியில் இருந்து ஓவியர் கொண்டையராஜூவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் காலண்டராகி வீடு வீடாகப் போயின. விளக்கு வைக்க மாடக்குழி மட்டும் இருந்த வீட்டில், விளக்குக்கு முன்னால் ஒரு தெய்வத்தின் முகமும் வந்தது.

விளக்கேற்றுவதை இது எவ்வளவு மாற்றிவிட்டது என்று நாம் யோசிப்பதில்லை. நெருப்புக்குப் பக்கத்து வீட்டைச் சார்ந்திருந்த பெண், முந்தானையில் ஒரு பெட்டி முடிந்துகொண்டாள். ஐம்பது காசு விற்ற பெட்டி 2007-இல் ஒரு ரூபாய் ஆயிற்று. 14 ஆண்டு அப்படியே இருந்து 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். ஏழை வீட்டுச் சாமிக்கும் இரண்டு ரூபாயில் நெருப்பு கிடைக்கிறது என்றால் அதற்குப் பின்னால் எங்கள் பக்கத்துப் பெண்களின் விரல்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் குழந்தைகளின் விரல்களும் இருந்தன. அதை மறைத்துவிட்டு இந்த ஊரின் கதையைச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போகாமல் பெட்டி ஒட்டிய பிள்ளைகள் ஏற்றித் தந்த வெளிச்சத்தில்தான் இந்த நாடு பல காலம் சாமி கும்பிட்டது.

அடுத்த மாற்றம் மின்சாரம். விருதுநகர்க்காரரான காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் கிராமங்களுக்குக் கம்பி ஓடியது. அதுவரை விளக்குக்கு இரண்டு வேலை: சோறு தின்ன வெளிச்சமும் அதுதான், சாமி முன்னால் நின்றதும் அதுதான். அரிக்கேன் விளக்கு வந்தபோதே முதல் வேலையில் பாதி போயிற்று. பல்பு வந்ததும் முழுக்கப் போயிற்று. அப்புறமும் வீடுகளில் எண்ணெய் விளக்கு அணையவில்லை. பயன் எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சியது வழிபாடு மட்டும். இன்று ஏற்றுகிற விளக்கு எந்தப் பொருளையும் கண்ணுக்குக் காட்டுவதற்காக எரிவதில்லை. என் பார்வையில் அந்தச் சுடர் அன்றைவிட இன்றுதான் தூய்மையானது. வயதானவர்கள் சிலர் அந்தியில் டியூப்லைட் சுவிட்சைப் போட்டதும் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பேரப்பிள்ளைகள் சிரிக்கும். வெளிச்சம் வந்தால் வணங்க வேண்டும் என்பது அவர்கள் உடம்பில் ஊறியது, எங்கிருந்து வந்தாலும்.

ஆலைக்குள் வேறு மாதிரி. பட்டாசுக்கான கலவைக்கு இங்கே மருந்து என்று பெயர். மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. செருப்பு வெளியே. உள்ளே நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் தேங்கிய மின்னூட்டம் மண்ணுக்குப் போய்விடும். வெறுங்காலோடு வந்து, தகட்டைத் தொட்டு, குனிந்து உள்ளே போகிறவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் கோயிலுக்குள் போகிறார்கள் என்றே தோன்றும். உள்ளே உராய்வு கூடாது, வேகம் கூடாது. இரும்பு கூடாது, பொறி பறக்கும். பயபக்தி என்ற சொல்லில் உள்ள பயம் அங்கே நிஜம்.

அலுமினியப் பொடி வேலை பார்ப்பவர்கள் மாலையில் வெள்ளி பூசிய சிலைபோல வெளியே வருவார்கள். இமை மயிர்கூட மினுங்கும். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியல். குளித்து, உடுத்தி, நெற்றிக்கு இட்டுக்கொண்டுதான் விளக்கைத் தொட வேண்டும் என்பது எல்லா ஊரிலும் உள்ள சாஸ்திரம். இங்கே அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது: மருந்து ஒட்டிய சேலையோடு சுடரின் பக்கம் போகக் கூடாது. நகக்கண்ணைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு ஆலைப் பெண் தீக்குச்சியைக் கிழிக்கும்போது, தீ என்ன செய்யும் என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அணைக்கும்போதும் வாயால் ஊத மாட்டாள். திரியை மெல்ல எண்ணெய்க்குள் இழுத்தோ, பூவால் ஒற்றியோ குளிர வைப்பாள். பகலில் அவள் கை பழகிய அதே நிதானம்.

இன்றைய விளக்கின் மற்ற மாற்றங்களில் சில எனக்கு வருத்தம் தருகின்றன. கடையில் தீப எண்ணெய் என்று தனிப் பாட்டில் வருகிறது. சமையலுக்கு உகந்ததல்ல என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். பல எண்ணெய்களின் கலவை, மேலே வாசனை. பழைய காலத்திலும் இலுப்பை, வேம்பு, ஆமணக்கு என்று சாப்பாட்டுக்கு அதிகம் ஆகாத எண்ணெய்களை எரித்தார்கள்தான். ஆனால் அவை எந்த மரத்தில், எந்தச் செடியில் வந்தவை என்று ஏற்றியவளுக்குத் தெரியும். இப்போது என்ன எரிகிறது என்றே தெரியாமல் எரிக்கிறோம். பேட்டரியில் ஆடும் அகல், சுவிட்சில் எரியும் குத்துவிளக்கு எல்லாம் வந்துவிட்டன. அலங்காரத்துக்கு இருக்கட்டும். எண்ணெய் விட வேண்டாம், திரி தூண்ட வேண்டாம், காற்றுக்குக் கை மறைக்க வேண்டாம் என்று ஆனபின் அதை நான் விளக்கென்று சொல்ல மாட்டேன்.

கோயில்களின் மாற்றம் வேறு வகை. 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீயில் சேதமடைந்த பிறகு, கோயில்களுக்குள் கண்ட இடத்தில் விளக்கேற்றுவது கட்டுக்குள் வந்தது. தூணடியில், படியில், சிலை மடியில் ஏற்றியது போய், ஒதுக்கிய இடத்தில் ஒரு தட்டு. சிலருக்கு மனக்குறை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. நெருப்புக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தில் அது தெய்வம், இடம் மாறினால் வேறு என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

தீபாவளி எங்களுக்குச் சோறு போடுகிற பண்டிகை. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் பட்டாசு விற்பனையைத் தொடங்குவார்கள். அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பமும் அன்றைக்குத்தான் வெளிவரும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு, இரண்டு மணி நேரம் என்று வரையறுத்ததிலிருந்து தொழிலுக்கு ஓயாத கலக்கம். ஆனால் விளக்கின் பண்டிகை தமிழருக்குக் கார்த்திகைதான். சங்கப் பாடல்களில் அதன் தடம் இருக்கிறது. சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் அது அன்றைக்கே தொன்மையான விழாவாகச் சொல்லப்படுகிறது. பட்டாசு ஆலை ஒன்றுகூட இல்லாத காலத்தில் இந்தச் சீமைப் பிள்ளைகளின் மத்தாப்பு மாவளி. ஆண்பனையின் பூக்காம்பைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நுனியில் கயிறு. ஒரு முனையில் தணல் வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொன் பொறி வட்டம் வட்டமாகக் கொட்டும். மருந்தில்லை, சத்தமில்லை, செலவில்லை. இன்று நாரணாபுரத்தில் கம்பி மத்தாப்புச் செய்யத் தெரிந்த கைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மாவளி கட்டத் தெரிந்த கைகளைத் தேட வேண்டும். ஒரு கார்த்திகைக்காவது பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் வந்து பிள்ளைகளுக்குக் கட்டிக் காட்டினால் நன்றாக இருக்கும்.

விளக்கின் இன்னொரு இடம் தலைமாடு. உயிர் போனதும் தலைமாட்டில் ஒரு விளக்கு. காரியம் முடியும்வரை அந்த இடத்தில் அணையாமல் எரிய வேண்டும். இருட்டில் போகிற உயிருக்கு வழி தெரிய என்பார்கள். இந்த ஊர்களில் அந்த விளக்கை ஏற்ற வேண்டிவந்த வீடுகள் அதிகம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் ஏதோவொரு ஊரில். பகலில் ஒரே நொடியில் எல்லாவற்றையும் கொண்டுபோன அதே நெருப்பை, இரவில் ஒரு விரல்நுனி அளவுக்கு ஏற்றி, எண்ணெய் விட்டு விட்டு, விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் போய் நெருப்பை எப்படி நம்புகிறீர்கள் என்று கேட்க முடியாது. அடங்கி எரிகிற நெருப்பும் உண்டு, கை காவல் இருந்தால் அது அடங்கும் என்பதை அந்த இரவுகளில்தான் நான் பார்த்தேன். ஆன்மிகம் என்று எனக்கு ஏதேனும் தெரியுமென்றால் அது இதுதான்.

அதனால்தான் ஒரு பழைய வழக்கம் எனக்கு உறுத்துகிறது. புருஷனை இழந்தவள் மங்கல விளக்கைத் தொடக் கூடாது என்பது. வீட்டு விளக்கை அவள் என்றும் ஏற்றித்தான் வந்தாள். வேறு யார் இருக்கிறார்கள்? கல்யாணம், கிரகப்பிரவேசம், ஆடி வெள்ளித் திருவிளக்கு பூஜை என்று நாலு பேர் கூடும் இடத்தில்தான் பின்னால் நிற்பாள். சுமங்கலிகள் கலந்துகொள்ளலாம் என்று நோட்டீஸில் ஒரு வரி இருந்தால் போதும், அவள் தானாகவே வரமாட்டாள். இன்றைக்கு இது தளரத் தொடங்கியிருக்கிறது. 2023-இல் மறைந்த பங்காரு அடிகளாரின் மேல்மருவத்தூர் வழிபாட்டில் பெண்கள் தாங்களே கருவறைக்குள் பூஜை செய்தார்கள். தீட்டு என்று யாரையும் தள்ளவில்லை. செவ்வாடை கட்டிய பெண்கள் எங்கள் ஊர்களிலும் உண்டு. அந்த வழிபாட்டு மன்றங்களில் அவர்கள் விளக்கேற்றும்போது கழுத்தில் தாலி இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை.

மற்ற கோயில்களிலும் அப்படி ஆக வேண்டும், முதலில் இந்த வட்டாரத்தில் ஆக வேண்டும். ஆலை விபத்தில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்காக அதே வேனில் அதே வேலைக்குப் போகிறவள் இங்கே இருக்கிறாள். சுடரின் முன் உட்கார அவளைவிட உரிமை உள்ளவர் யார்? ஆடி வெள்ளிக்குத் திருவிளக்கு பூஜையில் பெயர் கொடுக்க அவள் வந்து நிற்கும்போது, நோட்டு வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியது விளக்கு இருக்கிறதா, எண்ணெயும் திரியும் கொண்டு வருவீர்களா என்பதை மட்டும்தான்.